நான் வேண்டுமென்றே விட்ட தாளம்

சில வருடங்களுக்கு முன்னால், ஈஸ்டருக்கு முன்னால் வருகிற லெந்து நோன்புக் காலத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் தூத்துக்குடியில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே பெரிய வாசல், உள்ளே நுழைந்தால் நடுவில் குழாயடி, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். அதிலும் பாதியை உப்புக் காற்று தின்றிருந்தது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் வளவு முழுக்கத் தீர்ப்புச் சொல்லும்.

என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் தண்ணீரில்தான் இருப்பார். மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேசுவதற்கு ஆள் கிடையாது. விடைத்தாள் கட்டும் கிட்டாரும்தான் துணை.

கிட்டார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் உட்கார்ந்து, நாலு தட்டுத் தாளத்துக்குப் பாட்டோடு பாட்டாகத் தட்டிக்கொண்டிருப்பேன். நான் வாசிப்பது எனக்கே சரியாகக் கேட்காது. அப்படியே காலம் போயிருக்கும். ஆனால் முன்வரிசையில் வாசித்துக்கொண்டிருந்தவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. அவர் விமானம் ஏறியதும் பெரிய வெள்ளிப் பாட்டு என் தலையில் விழுந்தது.

அது ஒரு பழைய கீர்த்தனை. இயேசு சிலுவையில் மரித்த பெரிய வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனையில் மட்டும் பாடுவார்கள். நம்முடைய சங்கீதக்காரர்கள் மிஸ்ர சாபு என்பார்களே, அந்த ஏழு தட்டுத் தாளம். தகிட தகதிமி, தகிட தகதிமி என்று போகும். மூன்றும் நாலும் ஏழு. கேட்பதற்கு, அழுதுகொண்டே நடக்கிற ஆள் நடுவில் ஒரு அடி தடுமாறுகிற மாதிரி இருக்கும். எங்கள் ஊர்க் கோயில்களில் கிட்டார் வந்த பிறகு, வாசிக்கிற பையன்கள் இந்த ஏழு தட்டை ஆறாக வெட்டிவிடுவார்கள். கைக்குச் சுலபம். ஆனால் சபையில் இருக்கிற வயசானவர்கள் அந்த ஏழாவது தட்டை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கிட்டார் முன்னால் போகும், பாட்டு பின்னால் வரும். சண்டை போட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற புருஷன் பெண்டாட்டி மாதிரி வருடா வருடம் இதே கூத்து.

இந்தத் தடவை குழுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். “டீச்சர், ஏழுன்னா ஏழு. முடியலன்னா இப்பமே சொல்லிருங்க, கிட்டார் இல்லாமப் பாடிக்கிடுவோம்.”

வகுப்பில் பிள்ளைகளுக்குப் பின்னமும் தசமமும் நடத்துகிறவளுக்கு ஏழு எண்ணத் தெரியாதா என்ற திமிரில், சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தன் வினை தன்னைச் சுடும்.

வாயால் எண்ணினால் வந்தது. கைக்கு வரவில்லை. முதல் மூன்றுக்குக் கீழ், கீழ், மேல். அடுத்த நாலுக்குக் கீழ், மேல், கீழ், மேல். வெறும் தட்டாக வாசித்தால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. ஆனால் சரணத்தின் மூன்றாவது வரியில் ஒரு இடம் இருந்தது. அங்கே தகிட முடிந்து தகதிமி தொடங்குகிற அதே நொடியில் இடது கை விரல்கள் கிட்டார் கழுத்தில் வேறு கட்டைக்கு மாற வேண்டும். அங்கே வந்ததும் வலது கை ஒரு தட்டை விழுங்கிவிடும். எத்தனை மெதுவாக வாசித்தாலும் அதே இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்து, கொஞ்சம் முன்னாலேயோ பின்னாலேயோ குப்புற விழுவேன். “ச்சே!” என்று கத்திவிட்டு கிட்டார் வயிற்றில் ஒரு அறை விடுவேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லும்.

அப்படி ஒரு சாயங்காலம் அறைந்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு ஆண் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்தப் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால்தான் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் குடிவந்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கிற கண்டெய்னர் மேலே ஏறி, அது ஆடாமல் இருக்கக் கம்பி மாட்டுவது அவருக்கு வேலை. அங்கிருந்து விழுந்துவிட்டார். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. படி இல்லாத வீடு வேண்டும் என்று தேடி இந்த வளவுக்கு வந்திருந்தார்கள்.

வந்த புதிதில் வழக்கப்படி நானும் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், “கர்த்தர் எந்திரிச்சு நடக்க வைப்பார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் முருகனை வைத்துச் சொல்லியிருப்பார்கள். சொன்னது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். கட்டிலைச் சுவரோரம் போட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியே படுத்திருப்பாராம். அது என் வீட்டுச் சுவர். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணுடைய குரல் மட்டும் எனக்குக் கேட்கும். “ஒரு வாய்… இந்தா, ஒரே வாய்தான்…” என்று கெஞ்சிக்கொண்டே இருப்பாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைக் கீழே வைக்கிற சத்தம் வரும். அதைக் கேட்டுக்கொண்டு என் சோற்றை நான் விழுங்குவது பெரும்பாடாக இருக்கும்.

ஆனால் அந்தச் சிரிப்புச் சத்தம் வந்தபோது இதெல்லாம் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர் வீட்டுக்கு வந்த யாரோ சொந்தக்காரன், நான் திணறுவதைக் கேட்டு இளிக்கிறான் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அதே மாதிரி. தட்டு விட்டேன், அறைந்தேன், சிரித்தான். வந்ததே எனக்குக் கோபம். காலையில் குழாயடியில் அந்தப் பெண்ணைப் பார்த்ததும், “ஏளா, உங்க வீட்ல யாருக்கு அம்புட்டுச் சிரிப்பு? நான் என்ன கூத்தா கட்டுதேன்?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோவிச்சுக்கிடாதிய டீச்சர். வேற ஆருமில்ல, அவியதான் சிரிச்சாவ. விழுந்ததுல இருந்து அவிய சிரிச்சு நான் பாக்கவே இல்ல டீச்சர்.”

சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள்தான் மெதுவாக மீதியைச் சொன்னாள். நான் கிட்டாரை எடுத்ததுமே அவர் காதைச் சுவரோடு வைத்துவிடுகிறாராம். அந்த இடம் நெருங்க நெருங்க, “தாண்டிருவாவளா, மாட்டாவளா?” என்று பெண்டாட்டியிடம் கேட்பாராம். “தாண்டிருவாவ” என்பாள் இவள். “மாட்டாவ” என்பார் அவர். நான் விழுந்ததும், “போச்சு!” என்று சிரிப்பார். சிரித்த கையோடு அவள் நீட்டுகிற சோற்றை, எத்தனை வாய் என்று பார்க்காமல் வாங்கிக்கொள்வாராம்.

“நீங்க நிப்பாட்டிராதிய டீச்சர். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்றாள்.

பிறகு நிறுத்துவேனா? தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகத்தைக் கழுவிவிட்டு, நாற்காலியை அந்தச் சுவர்ப் பக்கமாகவே இழுத்துப் போட்டு உட்காருவேன். என் தோல்வி இன்னொருவருக்குச் சாயங்கால டிராமா ஆகிவிட்டதை நினைத்தால் சிரிப்பும் வரும், கூச்சமாகவும் இருக்கும். ஆனால் ஒன்று. என் வீட்டில் என் சத்தத்தைக் கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார் என்பது எனக்கும் பிடித்திருந்தது. நான் விழுவேன். அவர் சிரிப்பார். பிறகு தட்டில் சோறு பிசைகிற சத்தம் கேட்கும். நானும் எழுந்துபோய்ச் சாப்பிடுவேன்.

வினை எங்கே வந்தது என்றால், தினமும் வாசித்ததில் எனக்குக் கை வந்துவிட்டது. ஒருநாள் அந்த இடத்தை அலுங்காமல் தாண்டிவிட்டேன். நம்ப முடியாமல் இன்னொரு தடவை வாசித்தேன். அதுவும் சரியாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மறுநாளும் தாண்டினேன். அதற்கு மறுநாளும்.

அந்தப் பெண் குழாயடியில் என்னைப் பார்த்து, “நல்லா வாசிச்சிய டீச்சர்” என்றாள். முகம் செத்திருந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள்.

“டீச்சர், தப்பா நினைக்காதிய. அவிய மறுபடி சாப்பிட மாட்டேங்காவ. நீங்க அந்த எடத்துல… பழையபடி ஒரு தடவ விட்டுருதியளா? தெனமும் வேண்டாம். எப்பமாச்சும்.”

தாளம் தப்பச் சொல்லி ஒருத்தி கெஞ்சுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்திருந்தால் நீங்களும் முடியாது என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே நின்றாள். இதில் என்ன ஏளா இருக்கு, நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. கிட்டாரைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், வகுப்பு விட்ட பிறகு அங்கே ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சரியாக வாசிப்பேன். வீட்டுக்கு வந்து தப்பாக வாசிப்பேன். சரியாக வாசிக்கிறது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். தெரிந்துகொண்டே தப்பாக வாசிப்பது அதைவிடக் கஷ்டம். விரல் தானாகச் சரியான கட்டைக்கு ஓடும், அதைப் பிடித்து நிறுத்தி ஒரு தட்டை விழுங்க வேண்டும். ஆனாலும் ஒழுங்காகச் செய்தேன். முதல் இரண்டு நாள் “போச்சு!” கேட்டது, சிரிப்பும் கேட்டது. அந்தப் பெண் குழாயடியில் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டாள். ஊழியம் செய்கிற நினைப்பு எனக்கு. ஒரு மனுஷனுக்குச் சோறு ஊட்டுகிறேன் என்று ஜெபத்தில்கூடச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு சிரிப்பு மெலிந்தது. பிறகு நின்றே போனது. நான் விடாமல் தப்பு விட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரவில்லை என்றால் மறுபடியும் விடுவேன்.

ஒருநாள் அப்படி இரண்டாவது தடவை விட்டதும் சுவரில் டம்ளரால் ஓங்கி இடிக்கிற சத்தம் கேட்டது. சுண்ணாம்பு உதிர்ந்து என் மடியில் விழுந்தது. கையை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பிடிபட்டுவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“அவிய ஒங்களக் கூப்பிடுதாவ டீச்சர்.”

போனேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பவுடரும் மருந்தும் கலந்த வாடை. இந்தத் தடவை அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தலையணையில் கையை ஊன்றிப் பாதி நிமிர்ந்து இருந்தார். கம்பி இழுத்துக் காய்த்துப்போன பெரிய கைகள். கை இரண்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் திடமாக இருந்தன. என்னை உட்காரச் சொல்லவில்லை.

“எத்தன நாளா வேணும்னு தப்பு விடுதிய டீச்சர்?” என்று கேட்டார்.

பெண்டாட்டி கதவோரம் தலைகுனிந்து நின்றாள். அவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

“முந்தி தப்பு விட்டியன்னா ‘ச்சே’ன்னு ஒரு சத்தம் வரும். கிட்டார்ல ஒரு அடி விழும். பொறவு கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, மூச்சு வாங்குதியன்னு நினைச்சுக்கிடுவேன். இப்பம் தப்பு விட்ட மறு நிமிசம் அடுத்த வரி வந்துருது. எடமும் மாற மாட்டேங்கு, மில்லுச் சங்கு ஊதுன மாதிரி கரெக்டா அங்கனயே வருது. தப்பு அப்படி வருமா டீச்சர்?”

“நீங்க சிரிச்சா சாப்பிடுறீங்கன்னுதான்…” என்று இழுத்தேன்.

“நான் ஒங்களக் கேலி பண்ணிச் சிரிக்கல. இவ்வளவு படிச்ச மனுசிக்கும் முடியாத ஒண்ணு இருக்கே, அத மூடி மறைக்காம எல்லாருக்கும் கேக்க விழுதாவளேன்னுதான் சிரிச்சேன். இங்கன வாரவன் பூராவும் நடந்துருவிய, ஓடிருவியங்கான். டாக்டரு எங்கிட்ட ஒண்ணு சொல்லுதாரு, வெளிய போயி இவகிட்ட வேற சொல்லுதாரு. இவ கண்ணத் தொடச்சுக்கிட்டு உள்ள வந்து சிரிக்கா. எனக்குக் காலுதான் போச்சு, காது இருக்கு. இந்த வளவுல பொய் இல்லாத சத்தம் ஒங்க சத்தம் ஒண்ணுதான் இருந்துது. அதையும் எடுத்துப்புட்டியளே.”

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்துவிட்டார். கர்த்தர் நடக்க வைப்பார் என்று அதே இடத்தில் நின்று நான் சொன்னது எனக்கு ஞாபகம் வந்து உடம்பெல்லாம் கூசியது.

“நாளையில இருந்து ஒழுங்கா வாசிக்கேன்” என்று மட்டும் சொன்னேன். டீச்சர் குரல் இல்லை அது, தண்டனை வாங்குகிற பிள்ளையின் குரல்.

“ஒழுங்கா வாசிக்க வேண்டாம். வாரத வாசிங்க” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்தபோது அந்தப் பெண் என் பின்னாலேயே வந்தாள். “நாந்தான் டீச்சர் கெடுத்துட்டேன்” என்றாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்து இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு மனுஷனை இன்னும் தனியாக ஆக்கியிருந்தோம். அதை வைத்துக்கொண்டு யாருக்கு யார் ஆறுதல் சொல்வது?

மறுநாள் நேர்மையாக வாசிக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, தினமும் வேண்டுமென்றே தப்பு விட்டதில் கை அந்தத் தப்பையே படித்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் சரியாக வந்தது வீட்டுச் சுவர் முன்னால் வரமாட்டேன் என்றது. நான் தாண்ட நினைத்தாலும் கை விழுங்கியது. இப்போது என் “ச்சே” நிஜமான “ச்சே”. கிட்டாருக்கு விழுந்த அடியும் நிஜம். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் இதையும் நடிக்கிறேன் என்று நினைக்கிறாரோ என்று தோன்றும். எழுந்துபோய், சத்தியமாக இது வேண்டுமென்று விட்டது இல்லை என்று சொல்லவா முடியும்? சொன்னால் அதுவும் நடிப்பாகத்தான் தெரியும். பொய் சொல்லிப் பிடிபட்டவளுக்கு உண்மையைச் சொல்லவும் வழி அடைத்துப்போகிறது. அந்த நாட்களில் இதை நான் அழுத்தமாகவே கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் மூன்றாவது வரி வரைகூடப் போகவில்லை. பல்லவியிலேயே கட்டையும் போய், தட்டும் போய், எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் நின்றுவிட்டேன். அப்போது சுவருக்கு அப்பால் ஒரு சின்னச் சத்தம். சிரிப்பாக இருக்கலாம், இருமலாகவும் இருக்கலாம். சிரிப்பு என்று வைத்துக்கொள்ள ஆசைதான். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு நெருங்கியபோது அவருக்குக் காய்ச்சல் கண்டது. படுக்கைப் புண் உள்ளே பழுத்துவிட்டது என்றார்கள். மத்தியான வெயிலில் ஆம்புலன்ஸ் வந்து வளவு வாசலில் நின்றது. அன்று பள்ளிக்கூடம் விடுமுறை, நானும் வீட்டில் இருந்தேன். ஸ்ட்ரெச்சரில் அவரை வெளியே கொண்டுவந்தபோது வளவே கூடி நின்றது. “ரெண்டு நாள்ல வந்துருவிய”, “ஒண்ணும் ஆவாது, தைரியமாப் போய்ட்டு வாங்க” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேறு என்ன சொல்வது என்று நமக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

என் பக்கம் வந்ததும் அவர் என்னைப் பார்த்தார். நானும் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணீர்தான் வந்தது. துடைக்கவும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முகம் கடுகடுப்பாக இல்லை.

பெரிய வெள்ளி வருகிற அந்தப் பரிசுத்த வாரத்தின் தொடக்கத்திலேயே இறந்துபோனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வளவில் துட்டி விழுந்தால், சாவு எடுக்கிறவரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. பதினாறாம் நாள் விசேஷம் முடிகிறவரை பாட்டு, டிவி எதுவும் சத்தமாக வைக்க மாட்டார்கள். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற பேதமெல்லாம் இதற்குக் கிடையாது. கிட்டாரை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தேன். துட்டி கேட்கப் போனபோது பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவள் நடுவில் இருந்தாள். நானும் போய்க் குனிந்து அவளைக் கட்டிக்கொண்டேன். பேச ஒன்றும் இல்லை. துட்டி வீட்டில் இருந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அன்றைக்கு அந்த வழக்கம் எனக்கு உதவியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலில் வாசித்தேன். வாசிக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். குழுத் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். “துக்கப் பாட்டுதான டீச்சர். துக்கத்தோட வாசிங்க” என்றார். மூன்றாவது வரி வந்தது. எல்லாச் சரணத்திலும் ஏழும் ஏழாக விழுந்தது. சபை தாளம் பிசகாமல் பாடியது. ஆராதனை முடிந்ததும் நாலு பேர் வந்து கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை. அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் “போச்சு!” என்று சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அந்தச் சுவரைப் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து அழுதேன்.

பதினாறு முடிந்து, அவள் வீட்டைக் காலி செய்துவிட்டுக் குலசேகரன்பட்டினத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். சாமான் ஏற்றிய வேன் வாசலில் நின்றது. என்னிடம் சொல்லிவிட்டுப் போக வந்தவள், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். நின்றபடியே சொன்னாள்.

“டீச்சர், ஆஸ்பத்திரில கடைசியா எங்கிட்ட ஒண்ணு கேட்டாவ. ‘ஏளா, நான் வீட்டுக்கு வருவேனா?’ன்னு கேட்டாவ. வந்துருவியன்னு வாய் வரைக்கும் வந்துட்டு டீச்சர். எப்பவும் சொல்லுததுதான? அன்னைக்கு அவிய ஒங்ககிட்ட சொன்னது நெஞ்சுல நின்னுக்கிட்டு. நான் சொல்லல. ‘வர மாட்டிய போலிருக்கு’ன்னேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“என் கையப் புடிச்சுக்கிட்டாவ. அழுதாவ. நானும் அழுதேன். அவிய விழுந்த நாள்ல இருந்து நாங்க சேந்து அழுததே கெடையாது டீச்சர். அவியளுக்குத் தெரியாம நான் அடுப்பாங்கரைல அழுவேன், எனக்குத் தெரியாம அவிய சுவரப் பாத்து அழுவாவ. பொறவு பேச ஆரம்பிச்சாவ. சாயங்காலம் வரைக்கும் பேசுனாவ. கல்யாணம் ஆன புதுசுல பேசுன மாதிரி பேசுனாவ. நீ அண்ணன் வீட்டுக்குப் போயிரு, தனியா இருக்காதன்னாவ. என்னைய நல்லாப் பாத்துக்கிட்டன்னாவ. நான் மட்டும் வந்துருவியன்னு சொல்லியிருந்தேன்னா, அந்தப் பேச்சு எனக்குக் கெடச்சிருக்காதுல்லா டீச்சர்?”

கெடச்சிருக்காது என்றேன். அவள் தலையாட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வேனில் ஏறினாள். அதன் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

நாங்களும் பிறகு வேறு தெருவுக்கு மாறிவிட்டோம். என் வயதுக்கு இப்போதெல்லாம் அடிக்கடி யாராவது ஒருவரைப் படுக்கையில் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது. பழத்தை மேசையில் வைத்துவிட்டு உட்காருவேன். வாயில் முதலில் வருவது இன்றைக்கும், கர்த்தர் எழுப்பிவிடுவார் என்கிற அந்தப் பழைய வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டால் எனக்குச் சுலபம். படுத்திருக்கிறவருக்கு அது எத்தனை தனிமை என்று அந்த வளவில் ஒருவர் எனக்குச் சொன்னார். அதனால் ஒன்றும் சொல்லாமல், அவர்கள் அழுதால் சேர்ந்து அழுவதற்குத் தயாராகக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.